ரிஷிகேஷில் எங்கள் படகு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கம்பெனியில் இப்போது வேலை செய்யும் பெண்கள் நான்கு பேர் வல்லக்கோட்டைக்கு என் வீடு தேடி வந்தார்கள். கோவிலுக்கு வந்தோம், அப்படியே உங்களையும் பார்க்கலாம் என்று வந்தோம் என்றார்கள். உண்மையில் வந்த காரணம் வேறு. லீவு போட்டுக்கொண்டு நான்கு பேரும் ரிஷிகேஷ் போகப்போகிறார்களாம்.

"நீங்க அங்க போயிருக்கீங்களாமே கன்னியம்மாக்கா? ஸ்டோர்ல சொன்னாங்க. எப்போ போனீங்க?"

"தொண்ணூத்தொண்ணுல."

"நாங்க அப்ப பொறக்கவே இல்லக்கா!"

போனில் படம் படமாகக் காட்டினார்கள். காலில் கயிறு கட்டிக்கொண்டு மலையிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறார்கள். கம்பியில் தொங்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டுகிறார்கள். கரை முழுக்க ஹோட்டல். நான் பார்த்த ஊரா இது என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. ஆறு மட்டும் அதே பச்சை. அதைப் பார்த்ததும் சொல்ல ஆரம்பித்தேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நிறுத்தவில்லை. "அக்கா, இத எழுதி வைங்க" என்று போகும்போது ஒருத்தி சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி ரப்பர் பூசிய துணியில் பொருள்கள் செய்யும் கம்பெனி. லாரிக்குத் தார்ப்பாய், மழைக்கோட்டு, தண்ணீர் சேர்த்து வைக்கும் பெரிய பை, இப்படி. ஒரகடம் பக்கம் அப்போது இத்தனை தொழிற்சாலை கிடையாது. சுற்றிலும் ஏரியும் நெல்லும்தான், நடுவில் எங்கள் ஷெட். நான் ஒட்டும் பிரிவில் இருந்தேன். சேர்ந்த புதிதில் துணி வெட்டினேன், பிறகு தேய்த்தேன், பிறகு ஒட்டக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

எங்கள் சூப்பர்வைசர் ஹெலன் மேடம். இராயபுரத்திலிருந்து தினமும் வருவார். காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது எங்களை வரிசையாக நிற்க வைத்து, "கையக் காட்டுங்க" என்பார், பள்ளிக்கூடம் மாதிரி. தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் விரலில் இருந்தால் ஒட்டு பிடிக்காது. எண்ணெய் இருந்தால் திட்டமாட்டார். சோப்பை எடுத்துக் கையில் கொடுப்பார்.

ஒட்டுவது பார்க்கச் சின்ன வேலை. முதலில் துணியின் மேல்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பை எடுக்க வேண்டும். கரைப்பானில் நனைத்த துணியால் தூசி போகத் துடைக்க வேண்டும். பசையை மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அது முழுதாகக் காயவும் கூடாது, ஈரமாகவும் இருக்கக் கூடாது. விரல் முட்டியால் தொட்டால் இழுக்க வேண்டும், ஆனால் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. அந்தப் பதத்தில் இரண்டையும் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலர் ஓட்ட வேண்டும். உள்ளே காற்று ஒரு கடுகளவு நின்றாலும் போச்சு. எல்லாம் முடிந்து, பசை நன்றாக இறுகியதும் மேடம் வருவார். ஒரு மாதிரித் துண்டை எடுத்து என்னிடமே கொடுப்பார்.

"இழுத்துக் காட்டுங்க."

குறடு வைத்துப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஒட்டு விட்டால் வேலை சரியில்லை. ஒட்டு விடாமல் துணியே கிழிந்தால் வேலை சரி. எது நடந்தாலும் மேடம் ஒன்றும் சொல்லமாட்டார். நடந்து போய்விடுவார். அவர் நடந்து போகிற வேகத்தை வைத்துத்தான் நாங்கள் மார்க் போட்டுக்கொள்வோம்.

அந்த வருஷம் எங்களுக்குப் புதிதாக ஓர் ஆர்டர் வந்தது. காற்றடித்த ரப்பர் படகுகள். ரிஷிகேஷில் கங்கையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாறைகளுக்கு நடுவில் துள்ளித் துள்ளிப் போகிற படகாம். கேட்டவர் ஒரு பழைய ராணுவக்காரர். கேப்டன் என்றுதான் எல்லோரும் அவரைச் சொன்னார்கள். படகின் இரண்டு பக்கமும் இரும்பு வளையங்கள் வைத்து, அதில் கயிறு கோத்து, ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வளையமும் ஒரு வட்ட ரப்பர்த் துண்டில் கோத்திருக்கும். அந்த வட்டத்தைப் படகில் ஒட்டுவது என் வேலை. மொத்தப் படகுகளையும் லாரியில் ஏற்றி அனுப்பினோம். நாங்கள் ஒட்டியது கங்கையில் மிதக்கப் போகிறது என்று கேன்டீனில் அன்றைக்கு ஒரே பேச்சு.

மாசி மாதம் கேப்டனிடமிருந்து டிரங்க் கால் வந்தது. ஆற்றின் சுழிப்பில் ஒரு வளையம் வட்டத்தோடு பிய்ந்துவிட்டது. கயிறைப் பிடித்திருந்த ஆள் தண்ணீரில் விழுந்து, கீழே வெகுதூரம் போய்த்தான் அவரைப் பிடித்து ஏற்றினார்களாம். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் எல்லாப் படகையும் கரையில் ஏற்றிவிட்டார். இனி ஒரு ஆளைக்கூட இதில் ஏற்றமாட்டேன், ஆள் அனுப்பிச் சரி செய்கிறீர்களா, திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

மேடம் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"வளையம் ஒட்டுனது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"நான் போறேன். ஒட்டத் தெரிஞ்ச கை ஒண்ணு வேணும். வர்றீங்களா?"

திட்டப்போகிறார் என்று நின்றவள் நான். வர்றீங்களா என்று கேட்கிறார்! தாம்பரம் தாண்டி ரயிலில் போனதே ஒருமுறையோ இருமுறையோதான். தலையை ஆட்டிவிட்டேன். பிறகுதான் வீடு ஞாபகம் வந்தது.

என் வீட்டுக்காரர் ஏழுமலை படப்பையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சாயங்காலம் கடைக்கே போய்ச் சொன்னேன். டியூபைத் தண்ணீர் வாளியில் முக்கிக்கொண்டே கேட்டார்.

"இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்?"

"படகுல ஒட்டு வுட்டுகினு வருதாம். ஒரு ஆளு தண்ணில வுழுந்துட்டாராம்."

"பஞ்சர் போடறதுக்கா காசி பக்கம் கூப்புடறாங்க?" என்று சிரித்தார். டியூபை எடுத்து உதறினார். "யாரோ விழுந்துட்டான்னு சொல்றியே. நீ ஒட்டுனது. போய்ப் பார்த்துட்டுதான் வரணும். பாப்பாவ எங்கக்கா வூட்ல வுட்டுக்கலாம். போய்ட்டு வா."

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது.

மெட்ராஸ் சென்ட்ரலிலிருந்து டெல்லிக்கு ரயில், அங்கிருந்து பஸ். ஜன்னல் ஓரத்தை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. ஆந்திரா போனது, பெரிய பெரிய ஆறுகள் போயின, கோதுமை வயல்கள் போயின. மேடம் பசை டப்பாக்களைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டார். டெல்லியிலிருந்து போன பஸ்ஸில் விடியும்போது கண் விழித்தேன். எதிரே நீலமாக மலை. அடியில் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் அடித்த குளிரும், எங்கோ பூரி பொரிக்கும் நெய் வாசமும் ஒன்றாக வந்தன.

கேப்டனின் முகாம் ஊருக்கு மேலே ஆற்றோரம் வெள்ளை மணலில் இருந்தது. கூடாரங்கள். வரிசையாகக் கவிழ்த்துப் போட்ட எங்கள் படகுகள். ஒரகடத்து ஷெட்டில் பெரிதாகத் தெரிந்த படகு, அந்த மலைக்குக் கீழே சோப்பு டப்பா மாதிரி கிடந்தது. கேப்டன் உயரமான மனிதர், இங்கிலீஷில் மேடமிடம் பேசினார். குரலில் கோபம் இருந்தது, மரியாதையும் இருந்தது. பிய்ந்த வட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதைத் திருப்பிப் பார்த்தேன். நான் ஒட்டியதுதான். ஒரு மனிதன் அதை நம்பிப் பிடித்திருக்கிறான்.

மேடம் ஒவ்வொரு படகாகப் போனார். குறடால் வளையத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். அசையவில்லை. என்னை இழுக்கச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. கம்பெனியிலும் இப்படித்தான் இழுத்துப் பார்த்திருந்தோம், அப்போதும் வரவில்லை.

"நல்லாத்தானே பிடிச்சிருக்கு" என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பவும் முடியாது. விழுந்த ஆள் விழுந்ததுதான்.

படகு ஓட்டும் பிரேம் சிங் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அந்த மலைக்காரன். மேடமிடம் ஹிந்தியில் ஏதோ சொன்னான். மேடத்துக்கு ஹிந்தி அரைகுறை.

"என்னா சொல்றாரு மேடம்?"

"கரையில உட்கார்ந்து இழுத்தா ஆறு எப்படி இழுக்குதுன்னு தெரியாதாம். படகுல வாங்கன்றாரு."

"போலாம் மேடம்."

எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. எனக்கு நீச்சல் தெரியாது. ஏரியில் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கியதில்லை. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு கேப்டனிடம் திரும்பி எங்களுக்கு உடை கேட்டார். என் வாழ்க்கையில் முதன்முதலாகப் பேண்ட் போட்டேன். பிரேம் சிங் மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, கையால் செய்து காட்டினான்: விழுந்தால் மல்லாந்து படு, காலை முன்னால் நீட்டு, கயிறை விடாதே. பிய்ந்து போகாத வளையங்கள் உள்ள படகாகத் தேர்ந்தெடுத்து, முன்னெச்சரிக்கையாக இன்னொரு கயிறையும் படகைச் சுற்றிக் கட்டினார்கள்.

ஆறு முதலில் அமைதியாகத்தான் இருந்தது. பச்சைக் கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள் தெரிந்தன. திருப்பத்தில் சத்தம் கேட்டது. மழைக்காலத்தில் தகரக் கூரைக்கு அடியில் நிற்பது போன்ற சத்தம். பிரேம் சிங் "பகடோ!" என்று கத்தினான். பிடி என்று அர்த்தம், அது எனக்கே புரிந்தது.

படகின் மூக்கு கீழே விழுந்தது. எதிரே தண்ணீர் சுவர் மாதிரி எழுந்தது. ஐஸ்! காது, மூக்கு, வாய் எல்லாம் ஐஸ்! கத்தினேன். பயத்தில் கத்த ஆரம்பித்தது, பாதியில் என்ன ஆனதோ, சந்தோஷமாக மாறிவிட்டது. படகு மறுபடி வானத்தைப் பார்த்து ஏறியது. நான் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டேன், கயிறை இழுத்துப் பிடித்துத் தொங்கினேன். அப்போதுதான் பார்த்தேன்.

என் கைக்குக் கீழே இருந்த வளையம் பக்கவாட்டில் போகவில்லை. என் எடை வெளியே சாய்ந்ததும், கயிறு வளையத்தை நேராக மேலே தூக்கியது. வட்டத்தின் ஓரம், தோசை வெந்ததும் ஓரம் கல்லை விட்டு எழும்புமே, அப்படி மெதுவாக எழும்பியது. அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம்.

"மேடம்! எழும்புது! ஓரம் எழும்புது!"

படகின் மறுபக்கம் இருந்த மேடத்துக்கு இந்தப் பக்கம் பார்க்க வழியில்லை. ஆனால் காதில் விழுந்துவிட்டது. அமைதியான தண்ணீருக்கு வந்ததும் தவழ்ந்து வந்து பார்த்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிய வழிய, ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"நாம பக்கவாட்டுலதான் இழுத்துப் பார்த்தோம். இது உரிக்குது."

அதுதான் விஷயம். பக்கவாட்டில் இழுத்தால் வட்டம் முழுவதும் சேர்ந்து தாங்கும். மேலே தூக்கினால் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் தாங்க வேண்டும். அந்தக் கோடு விட்டால் அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு. ஆள் தொங்குகிற வளையத்துக்கு நாங்கள் சாமான் கட்டுகிற வளையத்தின் சோதனையை வைத்திருந்தோம். கேப்டனிடம் மேடம் இதை அப்படியே சொன்னார், எங்கள் சோதனைதான் போதவில்லை என்று. கேப்டன் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, பிரேம் சிங்கிடம் டீ போடச் சொன்னார்.

அன்று மணலிலேயே குச்சியால் படம் போட்டு மேடம் யோசித்தார். பழைய வட்டத்தின் மேல் இன்னொரு பெரிய வட்டம், நடுவில் ஒரு கீறல், அதன் வழியாக வளையம் மட்டும் வெளியே. ஓரத்தைச் சீவி மெல்லிசாக்க வேண்டும், நகம் நுழைய இடமிருக்கக் கூடாது. "கயிறையும் தொய்வா விடச் சொல்லுங்க மேடம், தூக்கறது கொறையும்" என்று நான் சொன்னேன். பிரேம் சிங் அதற்குத் தலையாட்டி, எந்தெந்த இடத்தில் ஆட்கள் அதிகம் தொங்குவார்கள் என்று சாக்கட்டியால் குறி போட்டுக் கொடுத்தான். அங்கெல்லாம் இரண்டு மேல்வட்டம்.

ஆனால் ஒரகடத்து வெயில் அங்கே கிடையாதே. காலையில் மணல் எல்லாம் பனி. கரைப்பான் ஆவியாகும்போது துணி இன்னும் குளிர்ந்து, பசையின் மேல் ஈரம் பூக்கும். முதல் வட்டம் அப்படித்தான் பாழானது. கேப்டன் சமையல் கூடாரத்தைக் கொடுக்கிறேன், அடுப்புச் சூடு இருக்கும் என்றார். மேடம் பதறிவிட்டார். "அடுப்பா! பசைக்குப் பக்கத்துல பீடிகூட கூடாதுங்க!" பிரேம் சிங் வாயில் இருந்த பீடியை உடனே ஆற்றில் போட்டான்.

வெயில் மலையைத் தாண்டி வந்து பெரிய பாறையைச் சுட வைக்கும் வரை காத்திருப்போம். பிறகு பாறைமேல் படகைப் போட்டு ஒட்டுவோம். வெயில் சாய்ந்தால் நிறுத்துவோம். கேப்டனே உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்தார். அவர் கையையும் காட்டச் சொல்லி மேடம் பார்த்தார்.

எல்லாம் ஒட்டி முடிந்ததும் பசை இறுக விட்டுவிட்டு, சில நாள் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஊரைப் பார்த்தோம். ஐயோ, அந்த நாட்கள்! ஆற்றுக்குக் குறுக்கே தொங்கும் பாலம், நடந்தால் ஆடும். அதன் மேல் மாடு வரும், ஸ்கூட்டர் வரும், சாமியார் வருவார், முதுகில் மூட்டையோடு வெள்ளைக்காரப் பெண் வருவாள், குரங்கு வந்து என் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். எங்கு பார்த்தாலும் செங்கல், மணல், சிமெண்ட். புதுப்புது மாடி எழும்பிக்கொண்டிருந்தது. படகுப் பயணம் என்று போர்டு எழுதும் பெயிண்டர் ஏணிமேல் நின்றிருந்தான். ஊரே ஏதோ கல்யாணத்துக்குத் தயாராவது போலிருந்தது.

சாப்பாட்டை எப்படிச் சொல்ல? காலையில் இலைத் தொன்னையில் உருளைக்கிழங்குக் குழம்பு, கூடவே சுடச்சுடப் பூரி. சூடான பாலில் ஜிலேபியை முக்கிச் சாப்பிட்டார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, ஒரு வாய் வைத்ததும் இன்னொன்று கேட்டேன். மண் கோப்பையில் லஸ்ஸி, மேலே கரண்டி நிற்கிற மாதிரி ஏடு. மேடம் எதையும் அளவாகச் சாப்பிடுபவர். ஜிலேபிக்கு மட்டும் அளவு பார்க்கவில்லை.

ஒரு நாள் பிரேம் சிங் அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். மலைச்சரிவில் வீடு. அவன் மனைவி தட்டில் கறுப்பாக ரொட்டி வைத்தாள். பிட்டு வாயில் போட்டதும் நிமிர்ந்தேன்.

"மேடம், கேழ்வரகு!"

பக்கத்தில் இருந்த பருப்பைத் தொட்டேன். கொள்ளு! நெய்யும் ஏதோ மலைத் தாளிப்பும் போட்ட கொள்ளு. கடைசியில் பாயசம் வந்தது, அது குதிரைவாலி. இத்தனை மலை தாண்டி வந்தால் எங்கள் ஊர்க் கொல்லையில் விளைகிறதெல்லாம் வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பாய் வந்தது. அந்தப் பெண்ணுக்கு என் பேச்சு புரியாது, அவள் பேச்சு எனக்குப் புரியாது. நான் மாவைக் கரைத்துக் களி கிளறுவது எப்படி என்று கையால் காட்டினேன். அவள் ரொட்டி தட்டுவது எப்படி என்று காட்டினாள். பிரேம் சிங் எனக்கு ஹிந்தியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, எங்களை விட்டுவிட்டு மேடமோடு போய்ப் படகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

பசை இறுகியது. சோதிக்கும் நாள் வந்தது. கரையில் கேப்டன் ஒரு மரக்கிளைமேல் கயிறைப் போட்டு, ஒட்டிய வளையத்தை நேராக மேலே இழுத்தார். நான்கு ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள். படகின் பக்கமே எழுந்து நின்றது, வட்டம் நகரவில்லை. கேப்டனுக்கு அது போதவில்லை. ஆற்றில் பார்க்க வேண்டும் என்றார். சரி என்று எல்லோரும் ஏறினோம். அதே சுழிப்பு. அதே தண்ணீர்ச் சுவர். இந்த முறை நான் வேண்டுமென்றே வெளியே சாய்ந்து, முழு எடையையும் கயிறில் போட்டுத் தொங்கினேன். கண் வட்டத்தின் ஓரத்திலேயே இருந்தது. அலை வந்தது, போனது, மறுபடி வந்தது. ஓரம் அப்படியே இருந்தது. நகம்கூட நுழையாது!

சுழிப்பு முடிந்து ஆறு அகலமாகி மெதுவாக ஓடும் இடம். பிரேம் சிங் கயிறைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, புருவத்தை உயர்த்தினான். குதிக்கிறாயா என்று கேட்கிறான். அங்கே வருகிறவர்கள் எல்லாம் அந்த இடத்தில் குதிப்பார்களாம்.

"கண்டிப்பா குதிக்கணும்னு இல்ல" என்று மேடம் சொன்னார். "உங்களுக்கு நீச்சல் தெரியாது."

"வளையம் தெரியும் மேடம்" என்று சொல்லிவிட்டு, கயிறைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மூச்சே நின்றுவிட்டது. குளிர் எலும்பு வரை போனது. பிறகு மிதவைச் சட்டை தூக்கியது. நான் மிதந்தேன். கங்கையில், மல்லாந்து, இரண்டு பக்கமும் மலை நகர நகர, நான் மிதந்துகொண்டே போனேன். என் முழு எடையும் அந்த ஒரு வளையத்தில் இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், வாய்க்குள் தண்ணீர் போனது, அப்போதும் சிரித்தேன். நான் செய்த பொருளை நம்பி நானே தொங்குவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தால் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கேப்டன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மேடம் காலை மடக்கிக்கொண்டு தொப்பென்று குதித்துவிட்டார். முங்கி எழுந்தார். கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி. நான் பிடித்திருந்த அதே கயிறை எட்டிப் பிடித்தார். ஒரே வளையத்தில் இரண்டு பேர்.

எங்கள் பிரிவில் ஒருவரைக்கூட நீ என்று சொல்லாத ஹெலன் மேடம், குளிரில் பல் தடதடக்க, அந்த மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"விட்டுடாதடி கன்னியம்மா! கெட்டியா பிடிடி!"